டிவியில் ஓடிய ஆடு

எண்பதுகளின் நடுவில் திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருந்தேன். கம்ப்யூட்டர் முழுவதும் ஒரே பலகையில் அடங்கிய போர்டு ஒன்றை ஆய்வகத்துக்கு வாங்க அனுமதி கிடைத்தது. பார்த்துத் தேர்ந்தெடுக்க இரண்டை விற்பனைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றில் ஆறு சிவப்பு எண்கள் மட்டுமே தெரியும். ஆனால் கரண்ட் போனாலும் அதில் ஏற்றியது அழியாது. மற்றதை டிவியில் இணைக்கலாம். கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். தேர்வு என் பொறுப்பு.

நகரி பக்கத்திலிருந்து வந்த இளம் விரிவுரையாளர் ஒருவருக்கு டிவி போர்டுதான் வேண்டும். அதில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தார். ரயில் வருவதற்குள் ஓர் ஆட்டைத் தண்டவாளம் தாண்டவைக்க வேண்டும். ஆடு ஒரு வெள்ளைக் கட்டம், ரயில் ஒரு நீண்ட கட்டம். தன் வீட்டு டிவியைப் புடவையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். தாளில் எழுதிய கட்டளைகளை எண்களாக மாற்றி ஒவ்வொன்றாகத் தட்டுவார். பிறகு அட்டெண்டரைக் கூப்பிட்டு விளையாட விடுவார்.

"சார், ஆடு ரயிலுக்குள்ள பூந்து அந்தாண்ட போவுது சார்!"

"சாவலையா? நம்ம ஊரு ஆடுய்யா, அப்படித்தான். இரு, சரி பண்ணிக்கினு வரேன்."

சுற்றி நின்ற மாணவர்கள், "ரைலு ஒச்சிந்தி, பரிகெத்து!" என்று தெலுங்கில் கத்தி, ரயில் வந்துவிட்டது ஓடு என்று ஆட்டை விரட்டினார்கள். என் வகுப்பில் கொட்டாவி விட்ட அதே பையன்கள். பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். என்னைவிடக் குறைவாகப் படித்தவர், பயப்படாமல் தப்பு செய்கிறார், அந்தத் தப்பையே எல்லோரும் ரசிக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்லூரி முதல்வர் பார்க்க வந்த அன்று, ஆடு பாதித் தண்டவாளத்தில் இருந்தபோது கரண்ட் போயிற்று. திரும்ப வந்தபோது திரையில் குப்பை எழுத்துகள்தான். மறுபடி போய்விடக் கூடாதென்று விரிவுரையாளர் ஃப்யூஸைப் பார்க்க வெளியே ஓடினார்.

"இதுக்கு ஏதும் வழி இல்லையா?" என்று முதல்வர் என்னைக் கேட்டார்.

இருந்தது. சில டார்ச் செல்களையும் ஒரு டயோடையும் போர்டில் இணைத்தால் போதும், கரண்ட் போனாலும் ஏற்றியது அழியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"கஷ்டம் சார்," என்றேன். "இன்னொண்ணையே வாங்கிடலாம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மாலையில் விஷயம் தெரிந்து விரிவுரையாளர் என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் செல்லையும் டயோடையும் நிதானமாக வரைந்தார்.

"இப்படிக் குடுத்தா அழியாது சார். உங்களாண்ட முன்னயே சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

தெரியும் என்று சொன்னால் ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல்வரிடம் திரும்பிப் போய் மாற்றிச் சொல்லவும் நேரம் இருந்தது.

"அப்படியா?" என்றேன். "எனக்குத் தெரியாமப் போச்சே."

"இன்னா சார் இது, எல்லாருக்கும் எல்லாமே தெரிஞ்சிருக்குமா? வுடுங்க."

என்னை ஆறுதல்படுத்திவிட்டு டிவியைப் புடவையில் சுற்ற ஆரம்பித்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.