சித்தப்பாவின் சிலுவையில் ஊர்ப்பெயர்

பிள்ளைகளே, கல்லறைத் திருநாளுக்கு நாம் வெள்ளை அடிக்கும் அந்தச் சீமெந்துச் சிலுவையில், பெயருக்கு மேலே ஒரு வரி பூசி மூடப்பட்டிருப்பதைப் பார்த்து, "இதை ஆரப்பா கெடுத்தது?" என்று கேட்டீர்கள். கெடுத்தவன் நான்தான்.

கல்லடியில் கடல் பொங்கி வந்த அன்று சித்தப்பா போனார், உடல் கிடைக்கவில்லை. சிலுவை வைக்கவே ஒண்ணாது என்று சின்னம்மா பல வருடம் இருந்தார். பிறகு ஒருநாள் தானாகவே வந்து கேட்டார். "கோயில் வளவுக்குள்ள அந்தப் பழைய கல்லறைக் கல்லுல இரிக்கிற எழுத்து மாதிரி, உன்ட சித்தப்பாக்கும் கீறித்தா மனே." அது லத்தீன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்ற மேசன். பெயரை மட்டும் மாற்றி, மற்றதைப் பார்த்துப் பார்த்து ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறினேன்.

காய்ந்ததும் பங்குச் சுவாமியைக் கூட்டி வந்தோம். "லத்தீன் தெரிஞ்ச மேசனை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சிரித்தவர், வாசித்ததும் மேல்வரியில் விரலை வைத்தார். மேல்வரி, 'இங்கே துயில்கிறார்' என்பதாம்.

"அவர் இஞ்ச இல்லியே, மனே" என்றார் சின்னம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவரே, "அடியில இரிக்கிறது என்ன சுவாமி?" என்று கேட்டார்.

"நம்மட ஊர்ப்பேர்."

நாம் ஊரில், ஊரிலிருந்து என்று பின்னால் சேர்ப்பதைப்போல, லத்தீனில் பெயரின் வாலையே மாற்றுவார்களாம். அங்கே இருந்த வால், 'இந்த ஊரவர்' என்று சொல்கிற வால். மட்டக்களப்பு என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் உருண்டு, அந்த வாலும் ஒட்டி அப்படி ஆகிவிட்டது என்றார் சுவாமி.

"அதுக்குள்ள களப்பு இரிக்கா?" சித்தப்பா ஆயுள் முழுக்க வலை வீசியது கடலோடு சேரும் ஏரியான களப்பில்தான்.

"இரிக்கி. உருமாறி இரிக்கி."

"அப்ப அது காணும், வேற ஒண்டும் வேணாம். மேல உள்ளத மூடிவிடு மனே."

மூடினேன். போன வருடம் சின்னம்மாவை அந்தச் சிலுவையடியிலேயே அடக்கினோம். இப்போது இங்கே ஒருவர் துயில்கிறாரே, இனித் திறக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நான் சித்தப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் சின்னம்மாவின் பெயரை உளியால் கொத்தியதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாளைக்கு வெள்ளை அடிக்கும்போது மேல்வரிக்கு நான் ஒரு பூச்சுக் கூடுதலாகப் பூசுவேன். நீங்கள் இரண்டு பெயருக்கும், அடியில் உள்ள ஊர்ப்பெயருக்கும் கறுப்புத் தடவுங்கள்.