முருகன் பெயரில் ஒரு டயட்

எடை குறைக்கும் ஆசையில், திருநகர் வீட்டிலிருந்து கிளம்பி தினமும் காலையும் மாலையும் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி நடந்தேன். சாப்பாட்டையும் ஒரு வேளையாகக் குறைத்தேன். டயட் என்றால் மாமியார் விடமாட்டார் என்பதால், "முருகனுக்கு விரதம் அத்தை" என்று பொய் சொன்னேன். அதன் பிறகு யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை, பாதி வழியிலேயே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோ பிடித்து வீடு திரும்பினால், அடுப்படியில் அத்தை வியர்த்து ஊற்ற, கை நடுங்கச் சரிந்து கிடந்தார். பதறிப்போய்ச் சீனித் தண்ணீர் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்கக் காலையில் எதுவும் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார்.

"ஏன் அத்தை?"

"நீ ஒத்தையில பட்டினி கெடந்து அம்புட்டுத் தூரம் நடக்குறயே. நீ வேண்டுனது பலிக்கட்டும்னுதான் நானும் விரதம் இருந்தேன்த்தா."

நான் வேண்டியதெல்லாம் பழைய ஜாக்கெட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதுதான்.

இப்போது மாலையில் மட்டும் நடக்கிறேன், ஞாயிறு ஓய்வு. மூன்று வேளையும் அத்தையோடு உட்கார்ந்து அளவாகச் சாப்பிடுகிறேன். உண்மையை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் படிப்பவர் அவர்தான்.