ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லாத ஓட்டல்

விழிஞ்ஞத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா அன்று காலை தலையிலிருந்த மீன் சருவத்தை இறக்கிவைத்தும் மூடியைத் திறக்கவில்லை. வாசல் குழாயில் கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். மறுபடியும் கழுவித் துடைத்தார். பிறகுதான் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். "மோன் என்னவோ எழுதி அனுப்பியிருக்கான். எனக்குப் படிக்கத் தெரியாதுல்லா. ஒண்ணு வாசிச்சுச் சொல்லு மக்களே."

வாசித்தேன். ரோம் நகரத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகனுக்குக் குருப்பட்டம் தருவதற்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கேயே ஒரு கோயிலில். "அம்மா கண்டிப்பாக வர வேண்டும்" என்று முடிந்திருந்தது. அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். அன்று எங்கள் வீட்டில் வாங்கிய மீனுக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். சந்தையில் மலையாளம், எங்களைப் போன்ற நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்களிடம் தமிழ். கணவர் இறந்தபின் மீன் விற்று மகனைப் படிக்கவைத்தார். அவன் பதினாறு வயதில் குருமடத்துக்குப் போய்விட்டான். நான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடியில் இருக்கும் டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த வாரமே ஆபீசுக்கு வந்துவிட்டார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"டிக்கெட்டு மோனோட சபைக்காரங்க எடுத்துத் தருவாங்களாம். அங்க அவங்க எடத்துல பொம்பளைங்க தங்கப்பிடாதாம். தங்குறதுக்கு மட்டும் நீ பாத்துக் குடு. கொறஞ்ச வெலையில உள்ளது போதும். கோயிலுக்குப் பக்கத்துல இருக்கணும், கேட்டியா?"

அவர் சொன்னது இரண்டு. நான் காதில் வாங்கியது ஒன்றை மட்டும்தான்.

ரோமில் மலிவாக அறை பிடிப்பது எளிதல்ல என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வசந்த காலத்தில் உலகத்துக் கூட்டம் முழுவதும் அங்கேதான் இருக்கும். நகரத்துக்கு நடுவே ஒரு கட்டிலும் ஒரு சன்னலும் உள்ள அறைக்குக் கேட்கிற வாடகையில் இங்கே ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடலாம். ஆபீசில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. யாருக்கும் கிடைக்காத விலையில் அறை கண்டுபிடித்துவிடுவேன் என்று மேனேஜர் சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டல்களின் பட்டியலை விலை குறைந்ததிலிருந்து வரிசையாக வரும்படி அடுக்கிக்கொண்டு, மேலிருந்து பார்ப்பேன். நகர மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது ஒவ்வொரு ஓட்டலுக்கும் கீழே சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். விலை மட்டும் பெரிதாக, தடித்த எழுத்தில் இருக்கும்.

மகன் ஒரு யோசனை எழுதியிருந்தான். அந்தக் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கன்னியர் மடம், யாத்திரை வருகிறவர்களுக்கு அவர்கள் அறை வாடகைக்குத் தருவார்கள், ஆனால் மின்னஞ்சல் எழுதித்தான் கேட்க வேண்டும், பதில் மெதுவாகத்தான் வரும் என்று. ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நாலு நாள் பதில் இல்லை. போன் செய்திருக்கலாம். மொழி தெரியாத இடத்துக்குப் போன் செய்து திணறுவதை நினைத்தே தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் என் கண்ணில் அந்த ஓட்டல் பட்டது. பெயரில் ரோம் இருந்தது, விலை பாதிக்குப் பாதி. ஊருக்கு வெளியே கடலோரம். ஒரு பஸ், ஒரு ரயில் பிடித்தால் நகரத்துக்குள் போய்விடலாம். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று போட்டிருந்தது. அப்படிப்பட்ட இடங்கள்தான் எப்போதும் மலிவு. பதிவு செய்துவிட்டேன்.

படத்தைக் காட்டியபோது அக்கா திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "சன்னலு வழியா கடலு தெரியுமா?"

"தெரியும்க்கா."

"கோயிலுக்குப் பக்கம்தானே?"

"ஒரு பஸ்ஸு, ஒரு ரயிலு. சுலபமாப் போயிரலாம்."

அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. அவர் என்னை நம்பித் தலையாட்டினார்.

அவர் கிளம்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது கன்னியர் மடத்திலிருந்து பதில் வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம், குருப்பட்டம் பெறுகிறவரின் தாய்க்கு எங்களிடம் அறை உண்டு, கோயிலுக்கு அவரை நாங்களே அழைத்துப்போவோம் என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். கேட்ட வாடகை நான் பதிவு செய்திருந்ததைவிடக் குறைவு.

மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன். பழைய பதிவின் பணம் போய்விடும், அதை அக்காவிடம் சொல்ல வேண்டும், மேனேஜர் சாரிடமும் சொல்ல வேண்டும். என் சம்பளத்திலிருந்தே அந்த நஷ்டத்தைக் கட்டியிருக்கலாம், அது என்னால் முடியாத தொகையும் அல்ல. எதுவும் செய்யவில்லை. சோம்பல் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டியிராத வழி அது ஒன்றுதான். அறை வேண்டாம், வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்று சகோதரிக்கு மரியாதையாகப் பதில் எழுதினேன். எண்கள் மட்டும் வாசிக்கத் தெரிந்த அக்காவுக்காக பஸ் நேரங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அது வாரநாட்களுக்கான அட்டவணை என்பதைக் கவனிக்கவில்லை.

ரோமுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். மகன் விமான நிலையத்துக்கு வந்து ஓட்டலில் கொண்டுவிட்டிருக்கிறான். குருப்பட்டத்துக்கு முந்தின நாட்களில் அவனுக்கு மௌன தியானம், வெளியே வரக்கூடாது, போன் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா புது வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றிருக்கிறார். ஒரு மணி நேரம் நின்றும் பஸ் வரவில்லை. ஓட்டலுக்குத் திரும்பிப் போனால் அங்கே வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. எனவே நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

"நடக்குறதுக்கு எனக்கென்ன மக்களே, தெனமும் நடக்குற காலுதான? ஆனா எந்தப் பக்கம்னு தெரியணும்லா. பெரிய ரோடு. காரு பறக்குது. கோயிலு பேரு எழுதுன பேப்பர நீட்டிப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன். ரொட்டி கொண்டுபோற வண்டியில ஒரு பொம்பள நிறுத்தி ஏத்திக்கிட்டா. ரயிலடியில எறக்கிவிட்டு, டிக்கெட்டும் அவளே எடுத்துத் தந்தா. மாதா மாதிரி வந்தா."

கோயிலுக்குள் நுழைந்தபோது பூசை முடியப்போகிற நேரம். ஆயர் மகனின் தலையில் கைவைத்ததும், உள்ளங்கைகளில் தைலம் பூசியதும், அந்தக் கைகளை வெள்ளைத் துணியால் கட்டியதும் முடிந்துபோயிருந்தன. துணியை அவிழ்த்ததும் தாயின் கையில் கொடுப்பது வழக்கமாம். முன்வரிசையில் அவருடைய பெயர் எழுதி ஒட்டிய நாற்காலி கடைசிவரை காலியாகக் கிடந்திருக்கிறது. மகன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றான் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்களாம்.

அக்கா இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "பொறவு தந்தான். எல்லாம் நல்லாத்தான் நடந்துது. நீ பாத்துத் தந்த ஓட்டலும் நல்ல ஓட்டலு. கெடந்தா கடலு சத்தம் கேக்கும். நம்ம கடலு மாதிரி கத்தாது, மெதுவாப் பேசும்." காகிதம் பிரிக்காத ஒரு சின்ன சோப்பை எனக்காக எடுத்து வந்திருந்தார். அறையில் தினமும் ஒன்று வைப்பார்களாம்.

"ஐயோ, ஞாயித்துக்கிழம பஸ் கெடையாதா?" என்று நான் கேட்டேன். ஆச்சரியம் உண்மைதான். ஆனால் அந்த ஆச்சரியத்துக்குப் பின்னால் எதை ஒளித்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சில மாதங்களில் மகன் ஊருக்கு வந்தான். அக்கா அவனை எங்கள் வீட்டுக்கும் அழைத்து வந்தார். வெள்ளை அங்கியில் ஒல்லியாக, கூச்சத்தோடு நின்ற அந்த இளம் சாமியார் கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார்: "கன்னியர் மடத்துலேருந்து உங்களுக்குப் பதில் வரவே இல்லையா?" குற்றம் சாட்டும் குரலே இல்லை அது. "வரல ஃபாதர்" என்றேன். "அவங்க அப்படித்தான்" என்று சிரித்தார். பதில் எழுதிய அந்த முகம் தெரியாத சகோதரியின் மேலும் என் குற்றத்தில் ஒரு பங்கை ஏற்றிவைத்தேன்.

இதோடு போயிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தவக்காலத்தில் அக்கா இளைத்துக்கொண்டே வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒருநாள் வாசலில் உட்காரும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன், ஒரு மிடறோடு வைத்துவிட்டார். நாற்பது நாளும் ஒருபோது விரதம் என்றார். இந்த வயதில் எதற்கு அக்கா என்றேன்.

"ஒரு பாவத்துக்கு மக்களே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் குருமடத்துக்குப் போறேன்னு சொன்னப்போ, எனக்கு வேற யாருல இருக்கான்னு சண்ட போட்டேன். அவன் போற நாளு வரைக்கும், மூணு மாசம், அவன்கிட்ட ஒரு வார்த்த பேசல்ல. சோறு வெச்சுட்டுத் திரும்பி உக்காந்துக்கிடுவேன். ஆண்டவரு அத மறக்கல்ல, பாத்துக்கோ. நீ மோன எனக்குத் தரமாட்டேன்னு சொன்னேல்லா, அவன் எனக்கு ஆகுற நேரத்துல நீ வெளிய நில்லுன்னு சொல்லிட்டாரு. இல்லேன்னா அன்னைக்குப் பாத்து பஸ்ஸு இல்லாம போவுமா?"

ஒரு வருஷமாக அவர் இதைச் சுமந்துகொண்டு எங்கள் தெருவில் நடந்திருக்கிறார். தினமும் காலையில் அவரிடம் மீன் வாங்கியிருக்கிறேன்.

சொன்னேன். நின்றுகொண்டு சொல்ல முடியாமல், அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். முடித்தபின் கேட்டார்.

"எப்போ வந்துது அந்தப் பதிலு?"

"நீங்க போறதுக்கு மூணு வாரம் முன்னால."

"நீ வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"வெல கூடுதலோ?"

"இல்லக்கா. கொறவுதான்."

அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்போ நான் அவன்கிட்ட பேசாம இருந்ததுக்கு இல்ல."

"இல்லக்கா. அது நான் செஞ்சது."

"அதுக்கு இல்ல," என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொன்னார். கையை மார்பில் வைத்துக்கொண்டார். ரோமில் நடந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்ன அக்கா அன்று அழுதார், முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதார். அந்த அழுகையில் ஏதோ இறங்கிப்போவதைப் பார்த்து, என்னையும் மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவ்வளவு சுயநலம் எனக்கு. எழுந்து முகத்தைத் துடைத்தார். சருவத்தைத் தூக்கிவிட நான் குனிந்தேன். "வேண்டாம்," என்றார். சுவருக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, அவர் கையால் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் வரவில்லை. அதன்பின் எங்கள் வீட்டுக்கு அவர் வரவே இல்லை. அடுத்த தெருவில் அவர் குரல் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே, பைக்கில் வருகிறவரிடம் மீன் வாங்குவேன். மகனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். என்னிடம் அவர் கோபப்படவில்லை. "அம்மாவிடம் சொன்னதற்கு நன்றி. மற்றதை அம்மாதான் முடிவு செய்ய வேண்டும்" என்று எழுதினார். மேனேஜர் சாரிடமும் சொன்னேன். "எந்தா இது, ஆரும் கேக்காம நீயா வந்து சொல்றே?" என்று விழித்தார். யாரும் கேட்காததுதான் பிரச்சினை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இப்போது யாராவது ரோமில், பாரிசில் மலிவான அறை கேட்டு வந்தால், எதற்காகப் போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். வருகிறவர்களுக்கு அது பிடிப்பதில்லை. எங்கே, எத்தனை மணிக்கு, எந்தக் கிழமை என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். மலிவாகக் கண்டுபிடிக்கிறவள் என்ற பெயர் போய்விட்டது.

போன மாதம், உச்சிவெயில் நேரத்தில், ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். கூடவே அவருடைய கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு பெண், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவளுடைய தங்கை ரோமில் ஒரு கன்னியர் சபையில் கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறாளாம். தாயும் இவளும் போக வேண்டும். தங்க இடம் வேண்டும். அக்கா என்னைப் பார்த்துப் பேசவில்லை. என் மேசைக்கு எதிர் நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டார்.

"எல்லாம் கேட்டுக்கோ பிள்ளே," என்றார் அவளிடம். "எவ்வளவு தூரம்னு கேளு. பஸ்ஸு உண்டான்னு கேளு. ஞாயித்துக்கிழம உண்டான்னு தனியாக் கேளு. ஒரு தடவ சொன்னாப் போதாது, ரெண்டு தடவ சொல்லச் சொல்லு."

அந்தப் பெண் சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை பதில் சொன்னேன். நாலு இடங்களுக்குப் போன் செய்தேன், தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு திணறினேன். ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அக்கா உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், பார்க்காததுபோல் நின்றார்.

இறங்கிப் போகும்போது படிக்கட்டில் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது. "இவங்கள நம்பலாமா மாமி?"

அக்கா இரண்டு படி இறங்கினார்.

"நம்பாத," என்றார். "ஆனா இவகிட்டயே கேளு."