கூம்பில் காய்ந்த சந்தனம்

இராஜபாளையத்தில் நான் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறேன். இத்தொழிலில் மரம் விரிசல் விடுவதற்குள் செய்பவளின் மனம் விரிசல் விட்டுவிடும். இதே பாடு படுகிறவர்கள் வாசித்து ஆறுதல் அடையலாம்.

தட்டிப் பார்த்தவர்

தளவாய்புரத்திலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறிய ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், அங்கே கல்யாண மண்டபம் கட்டுகிறார். முதலில் வீட்டுக்கு ஒரு ஜோடி. பிடித்தால் மண்டபத்து வேலை முழுவதும் எனக்கு, இல்லையேல் வெளியூர்க்காரருக்கு. முழுத் தேக்குதான் வேண்டும் என்றார். பாட்டோடு பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தால் ஓசை குழம்பும் என்று வாதாடி, கனத்த பிளைவுட்டில் செய்து, மேலே மெல்லிய தேக்கு ஏடு ஒட்டினேன். அவர் விரல் முட்டியால் தட்டினார். 'தொம்' என்றது. முகம் சுருங்கிவிட்டது.

“ஏம்மா, தட்டுனா தேக்கு கணீர்னு பதில் சொல்லும். இது என்ன, கோவிச்சுக்கிட்டவன் மாதிரி இருக்கு?”

இரண்டு கோட்

பாலிஷ் பெட்டிக்கு மட்டும் என்று பட்டறை ஆசாரியிடம் சொல்லியிருந்தேன். அவரோ, பொருத்திய ஸ்பீக்கரைக் கழற்றாமலே அடித்துவிட்டார். தளர்ந்து அதிர வேண்டிய காகிதக் கூம்பு, கண்ணாடிபோல் மினுங்கியது. நாதஸ்வரத்தைப் போட்டேன், தகரத்தைச் சுரண்டுவதுபோல் கிறீச்சிட்டது. புது ஸ்பீக்கர் வரப் பத்து நாளாகும். ஆயுத பூஜைக்கோ நான்கே நாள்.

“அதுவும் பேப்பருதான மேடம், ஈரம் ஏறிரக் கூடாதுன்னு அதுக்கு மட்டும் ரெண்டு கோட் அடிச்சேன்.”

பூஜை

பூஜைக்குப் பெட்டி வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்றார் சுபேதார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, நான் வந்து மாற்றும்வரை பாடவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு ஒப்படைத்தேன். புது ஸ்பீக்கர்களுடன் போனபோது வாசலிலிருந்தே கண்ணில் பட்டது. ஒவ்வொரு கூம்பிலும் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அப்பளம்போல் காய்ந்து ஒட்டியிருந்தன. இதற்கு ஏன் பொட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். சுபேதாரின் மனைவி என்னை வியப்போடு பார்த்தார்.

“பைக்குக்கு வச்சோம், மிக்சிக்கு வச்சோம். பாடுறதுக்கு மட்டும் வைக்காம விடச் சொல்லுதியா?”

தீர்ப்பு

சுபேதார் என்னிடம் கேளாமலே நாதஸ்வரத்தைப் போட்டார். மண்டபம் கைவிட்டுப் போயிற்று என்று நினைத்தேன். கிறீச்சொலி இல்லை. பாலிஷில் விறைத்த கூம்பின் துடிப்பைச் சந்தனத்தின் எடை அடக்கியிருந்தது. பாடப் புத்தகத்தில் படித்ததை அன்றுதான் காதால் கேட்டேன். இருந்தாலும் திருப்புளியை எடுத்தேன். அவர் என் கையைத் தடுத்தார்.

“கழட்டாத தாயி. மண்டபத்துக்கும் நீயே செஞ்சு கொண்டா. பொட்டு மட்டும் எங்க வீட்டுல வச்சிக்கிடுவாக.”

இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், கூம்பு ஒன்றுக்கு எத்தனை கிராம் சந்தனம் என்று இப்போது பட்டறையில் நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.