குரலுக்காக வரைந்த குறி

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. நடுராத்திரியாக இருந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

நான் பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துச் செயற்கைப் பல் செய்வோம். மயிரிழை பிசகினாலும் கடிக்கும்போது இடிக்கும். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, சிஜில் என்ற மந்திரக்குறிப் பயிற்சியையும் நான் பிசகாமல்தான் செய்துவந்தேன்.

சிஜில் என்றதும் மண்டை ஓடு, சுடுகாடு என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டியதை ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். திரும்ப வரும் எழுத்துகளை அடித்துவிட வேண்டும். மிஞ்சியவற்றை ஒன்றோடொன்று பின்னி, எழுதியவராலேயே வாசிக்க முடியாத ஒரு குறியாக்க வேண்டும். அதைக் கண்கொட்டாமல் பார்த்து, மனசு காலியாகும் அந்த நொடியில் எரித்துவிட வேண்டும். அவ்வளவுதான். விடியற்காலையில் எழுந்து, குளித்து, போனை அணைத்து, மூச்சை நிதானப்படுத்தி உட்காருவேன். ஒரு நாள் தவறியதில்லை.

“டைம்டேபிள் போட்டு மாந்திரீகம் பண்ற ஒரே ஆள் நீதான்” என்று லேபில் பக்கத்து மேஜைக்காரன் கிண்டல் செய்வான். அவனும் இதைப் பழகுகிறவன்தான். ஆனால் பாதி நாள் டிமிக்கி கொடுத்துவிடுவான்.

அக்காவும் நானும் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ரயில் தாமதம் என்று அவள் சொன்னால் யாருக்கும் கோபம்கூட வராது. அப்படி ஒரு குரல். ஒரு நாள் அவள் வந்த வேன் கவிழ்ந்தது. கழுத்தில் பலமான அடி. மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய் வைத்து, அது நகராமல் கழுத்தைச் சுற்றி நாடா கட்டினார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழாயிலிருந்து ‘ஸ்ஸ்...’ என்று சத்தம் வரும். பேச்சு வராது. சொல்ல வேண்டியதைப் போனில் அடித்துக் காட்டுவாள்.

“வீக்கம் வத்தினா குரல் மெல்ல வரலாம். அவங்கள வற்புறுத்தாதீங்க” என்றார் டாக்டர்.

எத்தனை நாள்தான் வெறும் ‘ஸ்ஸ்’ சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பது? ஒரு விடியற்காலையில் உட்கார்ந்து எழுதினேன். ‘இந்த வீட்டில் அக்காவின் குரல் கேட்க வேண்டும்.’ எழுத்துகளை அடித்தேன். பின்னினேன். பார்த்தேன். எரித்தேன்.

அதே வாரத்தில் ஒரு சாயங்காலம். வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“வந்துட்டியா?”

உள்ளறையிலிருந்து. அக்காவின் குரல்!

விழுந்தடித்து ஓடினேன். அக்கா கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொண்டேன். “ஒண்ணும் சொல்லாதக்கா, சிரமப்படாத” என்று நானே அழுதேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். சந்தோஷம் என்று நினைத்தேன்.

அன்றுமுதல் அவள் எனக்குப் போனில் எதுவும் அடித்துக் காட்டவில்லை. வாயால் பேசுகிறவளுக்குப் போன் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கூச்சம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் கூடத்தில் நின்றால் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். “சாப்டியா?” “லைட்டப் போடேன்.” நானும் கதவுக்கு வெளியே நின்றே பதில் சொல்வேன்.

லேபில் பக்கத்து மேஜைக்காரனிடம் சொன்னேன்.

“என்னன்னு எழுதின?”

சொன்னேன். அவன் கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தான்.

“அக்கா பேசணும்னு எழுதலையா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

அவன் பாலிஷ் மெஷினை ஓடவிட்டான்.

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன்.

அக்கா பேசும்போது குழாய்ச் சத்தம் நிற்கவில்லை. பேச்சு ஒரு பக்கம். ‘ஸ்ஸ்...’ ஒரு பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில்... எப்படி?

இன்னொன்று. அந்தக் குரல் நடுவில் மூச்சே வாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மேகம் இல்லை, மழை இல்லை. கூடத்தில் நல்ல வெளிச்சம். வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. உள்ளே வந்தேன்.

“வந்துட்டியா?”

“வந்துட்டேன்க்கா.”

“உள்ள வாயேன்.”

ஒருநாளும் அவள் உள்ளே கூப்பிட்டதில்லை. அறைக் கதவு மூடியிருந்தது. கைப்பிடியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

ஏதோ குறைந்தது. என்ன அது?

‘ஸ்ஸ்...’ சத்தம். அதைக் காணோம்.

காதைக் கதவில் வைத்தேன்.

“வாயேன்... வாயேன்... வாயேன்...”

மூச்சே விடாமல்.

அப்போது கேட்டது.

‘ஸ்ஸ்...’

எனக்குப் பின்னால்.

திரும்பினேன். வாசலில் அக்கா. மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். கை நிறைய காய்ந்த துணி.

உள்ளே...

“வாயேன்.”

கைப்பிடி என் கைக்குள் தானாகத் திரும்பியது.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது என் காலில் செருப்பு இல்லை. வழியெல்லாம் துணி சிதறிக் கிடந்தது. கிடைத்த வண்டியில் ஏறிச் சித்தி வீட்டுக்குப் போனோம்.

சித்தி அக்காவை உட்காரவைத்து முகம் துடைத்துவிட்டாள். கழுத்து நாடா அழுக்காக இருக்கிறதே என்று மாற்றப் போனாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“என்னடி இது? நாடா பாதி வெட்டியிருக்கு! இன்னும் கொஞ்சம் வெட்டியிருந்தா குழாய் கையோட வந்திருக்குமே. யாரு பண்ணினது?”

அக்கா என்னைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். போனை எடுத்து அடித்துக் காட்டினாள்.

‘நான்தான் வெட்டினேன். நீதானே வெட்டச் சொன்ன?’

“நானா?”

‘தினமும் சொல்றியே. பகல்ல, வேலைக்குப் போற மாதிரி போயிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு சொல்வ. உன் குரல் எனக்குத் தெரியாதா?’

“அக்கா, சாயங்காலம் நீ என்கிட்ட பேசினதெல்லாம்...?”

அவள் தலையாட்டினாள். இல்லை என்று. மெதுவாக அடித்தாள்.

‘எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ மட்டும் வெளிய நின்னு தனியா பேசிட்டிருப்ப. என்னைப் பாத்துப் பாத்து அலுத்துப்போய் உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அதான் இன்னைக்குக் கத்தரிய எடுத்தேன். பாதி வெட்டினதும் பயமா இருந்துச்சு. மாடிக்குப் போயிட்டேன்.’

சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“என் குரல்ல அது என்னக்கா சொல்லிச்சு?”

அக்கா போனில் அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். பிறகு போனை என் பக்கம் திருப்பினாள்.

‘நாடாவ வெட்டிக் குழாய எடுத்துடுக்கா. இனிமே உன் தங்கச்சிகிட்ட உனக்குப் பதிலா நான் பேசிக்கிறேன்.’