ராஜமாணிக்கம் அடைத்த ஆயில் பம்ப்

அடி அண்ணாமலையில் ராஜமாணிக்கத்தின் வீடு எது என்று கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள். "ஜப்பான் வண்டியா நிக்குமே ஒரு கொட்டாய், அந்த வூடு" என்பார்கள். மனுஷன் மின்வாரியத்தில் ஒயர்மேன். கம்பம் ஏறுவது பிழைப்பு. பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் போட்டு மறுபடி ஓட வைப்பது பைத்தியம். இரண்டில் எதற்கு அவர் அதிகம் உயிரைக் கொடுத்தார் என்று கேட்டால் அவர் மனைவி சரோஜா யோசிக்காமல் சொல்லிவிடுவாள், கூடவே நாலு வசவும் சேர்த்து.

பைத்தியம் பிடித்தது 1989-இல். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய ஹோண்டாவை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். எஞ்சின் அசையவில்லை. அதன்மேல் கோழிகளை அடைய விட்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் அதைத் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். எட்டு மாதம் சரோஜாவின் சோற்றுத் தட்டெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறிய நட்டும் போல்ட்டும். ஒன்பதாவது மாதம் வண்டி உறுமியது. அவ்வளவுதான், அதற்கப்புறம் யமஹா, சுசுகி, கவாசாகி என்று ஒன்று போனால் ஒன்று வந்தது. போர்டு கிடையாது, கடை கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே வண்டி. அதை முடிக்காமல் அடுத்ததைத் தொட மாட்டார்.

இரண்டு விஷயத்தில் அவர் பேர் பெற்றவர். ஒன்று, வண்டியைக் கட்டி முடித்ததும் கையோடு கொடுத்துவிட மாட்டார். புது பிஸ்டன் பதமாக வேண்டுமே. அதற்காக மலையைச் சுற்றியிருக்கும் கிரிவலப் பாதையில் தினமும் விடியற்காலையில் ஓட்டுவார். ஒரு சுற்று பதினாலு கிலோமீட்டர், முப்பத்தாறு சுற்று, நாற்பதைத் தாண்டாத வேகம். "சாமிக்கு நாம சுத்தறோம், இந்தாளு வண்டிய சுத்த வெக்கிறாரு" என்று ஊரில் கிண்டல். 2004 வரை மூணு வருஷமாகச் சுற்றுகளில் பாதியை மகள் எழில்தான் ஓட்டினாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, கீழ்பென்னாத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கிக்கரை மிதித்தால் ஒரே மிதியில் எழுப்புவாள்.

இன்னொன்று ஆயில் பம்ப். இந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோல் தனி, ஆயில் தனி. சின்ன பம்ப் ஒன்று ஆயிலைச் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்கு அனுப்பும். ஆயில் போகாவிட்டால் பிஸ்டன் காய்ந்து, உரசி, சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். ஓட்டுகிறவன் கதி அவ்வளவுதான். பம்ப் பழுதானால் ஊரிலுள்ள மெக்கானிக்குகள் அதை அடைத்துவிட்டு, "பெட்ரோல்லயே ஆயில கலந்து ஊத்திக்கோங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பெட்ரோல் போடும்போது ஒரு தடவை மறந்தால் போச்சு. ராஜமாணிக்கத்துக்கு அது ஆகாது. போளூர் ரோட்டில் ஒரு மெக்கானிக்கை நாலு பேர் பார்க்க வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். "பம்ப அடைக்கிறவன்லாம் மெக்கானிக்காடா? அடைக்கிறதுக்குப் பதிலா ஆள குழில தள்ளிடு!"

அப்படிப்பட்டவர்தான் அடைத்தார். என்னத்தைச் சொல்ல!

2004-இல் வந்தது அந்த வண்டி. யமஹா ஆர்.டி. முந்நூற்றைம்பது, இரட்டைச் சிலிண்டர். கோயில் குருக்கள் குடும்பத்துப் பையன் சோமேஷுடையது. ஏழு மாத உழைப்பில் எல்லாம் கூடி வந்தது, பம்ப் மட்டும் வரவில்லை. உள்ளே பல் தேய்ந்து போயிருந்தது. சென்னை புதுப்பேட்டைக்கு நாலு தடவை போய் வெறுங்கையோடு வந்தார். சோமேஷோ வாரத்துக்கு ரெண்டு தரம் வந்து, "என்னண்ணா, நம்ம வண்டில கம்பெனி போட்டது எல்லாமே இருக்குமோன்னோ?" என்று கேட்டுவிட்டுப் போவான். "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வாய் பழகிவிட்டது.

ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குழாய்களை அடைத்தார், மூடியைப் போட்டு முடுக்கினார். பார்வைக்கு ஆயில் டேங்க்கில் ஆயில் நிரம்பியிருந்தது. தினமும் விடியுமுன் எழில் எழுவதற்குள் ஒரு கேன் பெட்ரோலில் லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயிலைக் கலந்து பெட்ரோல் டேங்க்கில் ஊற்றினார். பம்ப் கிடைத்ததும் மாட்டிவிடலாம் என்பது கணக்கு. கிடைக்காவிட்டால்? "எதுக்கும் பெட்ரோல்லயும் கொஞ்சம் கலந்துக்கோ தம்பி, எஞ்சினுக்கு நல்லது" என்று சோமேஷிடம் சொல்லி ஒப்பேற்றிவிடலாம். மகளிடமாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் தின்றது அவரை. தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒரே ஜீவன் அவள்தானே.

முப்பது சுற்று ஆகியிருந்தது. பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்கு விளக்கு எரிய வேண்டும், ஒயர்மேன்களுக்கு வீடு கிடையாது. மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் செங்கம் ரோட்டுப் பக்கமிருந்து தனக்கென்று கட்டி வைத்திருந்த யமஹா ஆர்.எக்ஸ். வண்டியில் வீடு வந்தார். கொட்டாயைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"ஆர்.டி. எங்க?"

"எழிலு எடுத்துக்கினு போயிட்டா" என்றாள் சரோஜா, அடுப்படியிலிருந்தே. "பஸ்ஸெல்லாம் திரும்பற கூட்டத்துல பிதுங்குது. ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டு வந்து நின்னா. லேட்டா போனா டாக்டரம்மா கத்துவாங்களாம். நாந்தான் எடுத்துக்கினு போடினு சொன்னேன். ஏன், இப்ப இன்னா ஆயிப்போச்சு?"

"எப்ப போனா?"

"பத்து நிமிஷம்கூட ஆவல. ஏங்க, மொகம் ஏன் இப்டி வெளுத்துப்போச்சு?"

பெட்ரோல் டேங்க்கில் அவர் விட்டு வைத்திருந்தது ஒரு லிட்டருக்கும் கம்மி. கீழ்பென்னாத்தூர் போய்த் திரும்ப அது காணாது. வழியில் பெட்ரோல் போடுவாள். வெறும் பெட்ரோல். ஆயில் டேங்க் நிறைந்திருப்பதை எட்டிப் பார்த்திருப்பாள், கெட்டிக்காரி. லேட் வேறு. மெதுவாகவா போவாள்?

"ஆஸ்பத்திரிக்கி போன் போட்டு, அவ வந்தா வண்டிய தொடாதனு சொல்லு" என்று கத்திக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

பாதை முழுக்க ஜனம். விடிய விடிய நடந்த களைப்பில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ரோட்டை அடைத்து நடக்கிறார்கள். ஹாரனை விடாமல் அடித்தார். "சாமி நடக்கற எடத்துல இன்னா அவசரம்யா ஒனக்கு?" என்று ஒரு பெரியவர் குறுக்கே நின்றே கேட்டார். "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்பதற்குமேல் ராஜமாணிக்கத்துக்கு வார்த்தை வரவில்லை. பெரியவர் என்ன நினைத்தாரோ, தானே கையை நீட்டி ஆட்களை விலக்கிவிட்டார். இந்தக் கூட்டத்தில் அவளும் ஊர்ந்துதான் போயிருக்க வேண்டும். அண்ணாமலையாரே, பங்க்கில் பெட்ரோல் தீர்ந்து போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். யாராவது இப்படி வேண்டுவார்களா?

கீழ்பென்னாத்தூர் போகிற திண்டிவனம் ரோடு ஆரம்பத்தில் பங்க். போடுகிற ஆள் ஆதிமூலம் தெரிந்தவன்தான்.

"எழிலு வந்துச்சா?"

"இப்பதாண்ணா போச்சு. அஞ்சு லிட்டரு போட்டேன்."

"ஆயில் கலந்தியா?"

"கேட்டேன்ணா, டூ ஸ்ட்ரோக்காச்சே, கலக்கட்டுமானு. சிரிச்சிச்சு. 'எங்கப்பா கட்டின வண்டிண்ணா, பம்பு பக்காவா இருக்கும்'னு சொல்லிச்சு."

ராஜமாணிக்கம் கணக்குப் போட்டார். கலந்த பெட்ரோல் முக்கால் லிட்டர், வெறும் பெட்ரோல் அஞ்சு. கம்பத்தின் உச்சியில் கை வழுக்கினபோதுகூட அவருக்கு இந்தப் பயம் வந்ததில்லை. அது தன் உயிர். மெதுவாகப் போனால் எஞ்சின் கீழ்பென்னாத்தூர் வரை தாங்கும். அறுபது, எழுபதில் விரட்டினால் பத்துக் கிலோமீட்டர். அதற்குள் எங்கோ ஓர் இடத்தில் பின்சக்கரம் நிற்கும். பின்னால் பஸ் வந்தால்? அந்த ரோட்டில் எப்போதும் பின்னால் பஸ் வரும்.

அவர் வண்டி வெறும் நூறு சிசி. முறுக்கின கையை விடவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு லாரியின் டிரைவர் முகத்தையும் பார்த்தார், முன்னே ஏதாவது பார்த்துவிட்டு வருகிற முகமா என்று. ஒரு வேன் விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனது. எதற்குப் போட்டான்? "பாவி, நீதாண்டா பாவி" என்று வாய்விட்டுத் தன்னையே திட்டினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, காற்றாலும் இல்லை, தூசியாலும் இல்லை.

சோமாசிப்பாடி தாண்டி வேர்க்கடலைக் காட்டோரம் கூட்டம். ஒரு பஸ் சாய்வாக நின்றிருந்தது. ரோட்டில் கறுப்பாக, நீளமாக, டயர் இழுத்த கோடு. அவர் வண்டியை நிறுத்தினாரா, விட்டுவிட்டு ஓடினாரா என்று அவருக்கே தெரியாது.

எழில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. அதைப் பார்த்ததும் அவளருகே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவள் முட்டி கிழிந்து ரத்தம். இடது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது, துப்பட்டாவால் யாரோ கட்டியிருந்தார்கள். களை எடுக்க வந்த தங்கம்மாள் என்கிற அம்மா தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுக்காரன் ஒரு மொழம் முன்னாடி நிறுத்தினான்யா. ஒரே மொழம்" என்றாள்.

அப்பாவைக் கண்டதும் எழிலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ப்பா, மன்னிச்சுடுப்பா. வண்டிய கெடுத்துட்டேன். லேட்டாச்சுன்னு எழுவதுல போயிட்டேன். நாப்பதுக்கு மேல போவாதனு நீ எத்தினி தடவ சொல்லியிருக்கே. எந்தப்புதாம்பா."

பம்ப்பை அடைத்தது யாருக்கும் தெரியாது. மூடி முடுக்கியபடியே இருக்கிறது. வண்டியை வேனில் ஏற்றிக் கொட்டாய்க்குக் கொண்டு போய்விட்டால் முடிந்தது. பிள்ளை வேகமாக ஓட்டினாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது, உயிர் பிழைத்தது புண்ணியம் என்று ஊர் பேசும். அவரை யார் கேட்கப்போகிறார்கள்? ஆமாம், அந்த நேரத்திலும் அவருக்கு இந்த யோசனை வந்தது. பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொன்னார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆள் சும்மா இருக்காமல், "பொம்பளப் புள்ள கைல இம்மாம் பெரிய வண்டிய குடுத்தா இப்டித்தான் ஆவும்" என்றான். எழில் தலையைக் குனிந்துகொண்டாள். வாயாடி, எவனையும் சும்மா விடாதவள், அவன் சொன்னதை ஒப்புக்கொண்டு குனிந்தாள்.

அதை அவரால் தாங்க முடியவில்லை.

"யோவ், வாய மூடு. அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "பம்பு வேல செய்யல எழிலு. நாந்தான் அடைச்சு வெச்சேன். பெட்ரோல்ல ஆயில கலந்துதான் இத்தினி நாளா ஓட்டினது. உங்கிட்ட சொல்லல."

அவள் அழுகை நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து?"

"மொத சுத்துலேர்ந்து."

"நா பதினஞ்சு சுத்து ஓட்டியிருக்கேனேப்பா."

"நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி கலந்துடுவேன்."

"பங்க்ல கேட்டாரு" என்றாள். "நா சிரிச்சேன்."

அவர் எழுந்தார். எழுப்பி நிறுத்தலாம் என்று அவள் தோளுக்கடியில் கை கொடுத்தார். அவள் விலகினாள்.

"புடிக்காதப்பா. நானே எழுந்துக்கறேன்."

ஒரு கையை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். தங்கம்மாள் ஓடி வந்து தாங்கிக்கொண்டாள். அவளிடம் சாய்ந்தபடியே நொண்டி நொண்டிப் போய் அந்த பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போன பிறகும் ராஜமாணிக்கம் நீட்டிய கையோடு நின்றார்.

அன்று சாயங்காலமே சோமேஷின் வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். அவன் வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான். போளூர் ரோடு மெக்கானிக்குக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது, அவன் சிரித்த சிரிப்பு ஊரெல்லாம் கேட்டது. சிரிக்கட்டும், பாத்தியதை இருக்கிறது. இப்போதெல்லாம் வண்டி எடுக்க வருகிறவர்களிடம் எது எது சரியில்லை என்றுதான் முதலில் பேச்சை ஆரம்பிக்கிறார். சிலர் பயந்துபோய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதும் உண்டு.

எழிலின் மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அப்பாவோடு பேச்சும் மெல்ல மெல்லப் பழையபடி வந்துவிட்டது, கேலியும் சண்டையும்கூட. ஆனால் நாலு வருஷம் ஆகிவிட்டது, அவர் கட்டிய வண்டி எதிலும் அவள் ஏறவில்லை. காலையில் அவர் ஆர்.எக்ஸை வாசலில் நிறுத்தி, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வுட்டுடட்டா?" என்று கேட்பார். "நடந்துக்கறேம்பா" என்பாள். அவர் மறுநாளும் கேட்பார்.