குழலுக்கு வந்த பதில்

சூசைரட்ணத்துக்குக் கதை கட்டத் தெரியாது. ஒஸ்லோவில் அவரைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டிராம் ஓட்டுகிறவர். டிராம் கொஞ்சம் பிந்தினால் அதற்குக் காரணம் தன்னுடைய கவனக்குறைவுதான் என்று ஒலிபெருக்கியில் தானே சொல்லிவிடுகிற மனிதர். பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்டவர், 2006ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பட்டப்பகலில் தனக்கு நடந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதைத்தான் இங்கே சொல்கிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

மன்னாரில் பிறந்து, ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் குடும்பமாக இருக்கும் சூசைரட்ணத்துக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது டிராம் வேலையில்தான். கூட வேலை செய்து ஓய்வுபெற்ற ஒட்வார் என்ற நோர்வேக்காரர்தான் முதலில் அவரைக் காட்டுக்குக் கூட்டிப் போனார். சூசைரட்ணம் வேட்டைக்காரருக்கான பரீட்சை எழுதினார். உரிமம் எடுத்தார். சுடத் துவக்கு வாங்கினார். ஆனால் இரண்டு பருவம் முழுக்கக் காடு மேடெல்லாம் நடந்தும் ஒரு பறவைகூடக் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே 'ஃபுர்ர்ர்' என்று எழும்பிப் போய்விடும். அந்தச் சத்தம் மட்டும்தான் அவருக்கு மிச்சம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், கோழி எங்கே என்று ஊர்ச் சனம் சிரிக்கும். மனைவி இமெல்டா குளிர்பெட்டியில் பறவைக்கென்று ஒதுக்கி வைத்த இடத்தில் கடைசியில் மீனைப் போட்டு அடைத்துவிட்டாள்.

மூன்றாவது பருவத்துக்கு முன் அவர் முறையை மாற்றினார்.

யோசனை ஒட்வாருடையது. "நீ பறவையைத் தேடிப் போகிறாய். இனி அது உன்னைத் தேடி வரட்டும்" என்று சொல்லி, விரல் நீளமான ஓர் உலோகக் குழலைக் கையில் கொடுத்தார். நோர்வேக்காரர் யேர்ப்பே என்று சொல்லும் சின்னக் காட்டுக்கோழியின் குரல் அந்தக் குழலில் வரும். மெல்லிய, நீண்ட விசில். கடைசியில் ஒரு சின்ன நடுக்கம். மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் இருக்க வேண்டும். ஊத வேண்டும். காத்திருக்க வேண்டும். தன் இடத்துக்கு வேறொரு சேவல் வந்துவிட்டது என்று நினைத்து, பறவை பதில் சொல்லிக்கொண்டே கிட்ட வரும்.

ஒன்றை மட்டும் ஒட்வார் திரும்பத் திரும்பச் சொன்னார். முழுப் பறவையையும் கண்ணால் காணாமல் விசையில் விரல் வைக்காதே. குழல் கேட்டுப் பறவை மட்டும்தான் வரும் என்று நினைக்காதே.

கோடை முழுக்கச் சூசைரட்ணம் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊதிப் பழகினார். எல்லாம் சரியாக வந்தது, அந்தக் கடைசி நடுக்கம் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் அவருக்கு மூச்சு உடைந்துவிடும். பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

ஒஸ்லோவுக்கு வடக்கே ஹக்கடால் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரி தன் காட்டில் வேட்டைக்கு அனுமதி கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தொலைபேசி எடுத்தார். குன்வோர் என்று பெயர். எழுபதுக்குக் கிட்ட வயது இருக்கும். வழியைச் சொன்னாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஒரே மாடியில் குடியிருக்கும் இரத்தினவேலும் கூட வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பத்து வயது இளையவர். அவரிடம் துவக்கு இல்லை, உரிமமும் இல்லை. சும்மா பார்க்கத்தான் வந்தார். பறவை விழுந்தால் கறி தன் பொறுப்பு என்று கார் முழுக்கக் கதைத்துக்கொண்டே வந்தார்.

பண்ணைக்குப் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்திருந்தது. பனிப்புகார் மூடியிருந்தது. காற்று இல்லை. குழல் ஊத இதைவிட நல்ல காலை கிடைக்காது. காட்டு வழியின் தொடக்கத்திலிருந்த மரப் படலையைச் சாத்தி, கொழுக்கியையும் மாட்டிவிட்டு இருவரும் மேலே ஏறினார்கள்.

மேலே ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய ஸ்புரூஸ் மரம். சூசைரட்ணம் அதன் அடியில் உட்கார்ந்து முதுகைத் தண்டோடு ஒட்டினார். முன்னால் புதர். புதருக்கு அப்பால் ஓடையின் பள்ளம். இரத்தினவேலைத் தனக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில் ஒரு பாறையில் இருத்தியிருந்தார். தான் வந்து கூட்டிப்போகும் வரை அசையக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லியும் இருந்தார்.

ஊதினார்.

ஒன்றும் இல்லை. ஓடைத் தண்ணீர் மட்டும் கல்லில் விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதினார்.

சீ...ஈ...ஈ...

பதில்!

ஓடைக்கு அப்பாலிருந்து வந்தது. மெல்லியதாக, தெளிவாக. சூசைரட்ணத்தின் நெஞ்சு அடித்த அடியில் அவருடைய சட்டை அசைந்ததாம். இரண்டு வருடம் நடந்து கிடைக்காதது இரண்டே ஊதலில் வந்துவிட்டது. குழலை உதட்டில் வைத்து மறுபடி ஊதினார். பதில் இன்னும் கிட்டக் கேட்டது. சந்தோசத்தில் முதலில் கவனிக்கவில்லை. அடுத்த தரம்தான் கவனித்தார்.

பதிலின் கடைசியில் நடுக்கம் இல்லை. மூச்சு உடைந்திருந்தது. அவருக்கு உடைகிற அதே இடத்தில்.

பறவைக்கு மூச்சு உடையுமா?

எதிரொலியாக இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்தினார். புகாரில் சத்தம் அப்படித்தான் விளையாடும். ஆனால் எதிரொலி கிட்ட வராது. இது ஒவ்வொரு தரமும் கிட்ட வந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

ஓடையின் சத்தம் கேட்கவில்லை.

புதர் இடைவெளியால் பார்த்தார். தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கல்லில் விழுந்தது. நுரைத்தது. சத்தம் மட்டும் இல்லை. யாரோ கையால் பொத்திப் பிடித்த மாதிரி...

குழலை உதட்டுக்குக் கொண்டுபோனார். இன்னும் ஊதவில்லை.

சீ...ஈ...ஈ...

பதில் வந்துவிட்டது.

குழலை மடியில் வைத்தார். எழும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அதே நேரம் ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் புதர் அசைந்தது.

சாம்பல் நிறம். அதில் மண்ணிறப் புள்ளிகள். தரையோடு தரையாக.

அசைந்தது. நின்றது.

மறுபடி அசைந்தது.

யேர்ப்பே!

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு வருடத்து ஆசை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. துவக்கு தானாகத் தோளுக்கு வந்தது. துவக்கின் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினார். ஒட்வார் சொன்னது நினைவில் இல்லை. விரல் விசைக்குப் போனது.

இழுக்கப் போகிறார்...

வலக் காதுக்குப் பின்னால் ஒரு விசில்.

குழல் விசில் இல்லை. மனித வாய் விசில். உதடு குவித்து, மெதுவாக. கழுத்தில் மூச்சுப் பட்டது. குளிர்ந்த மூச்சு. நனைந்த கம்பளியும் பழைய புகையிலையும் மணத்தன.

விரலை எடுத்துவிட்டுத் தலையைத் திருப்பினார்.

மரப்பட்டை.

முகத்தில் உரசுகிற கிட்டத்தில், மரப்பட்டை மட்டும். அவருடைய முதுகு இன்னும் தண்டோடு ஒட்டியே இருந்தது. ஒரு தாள் நுழையவும் அங்கே இடம் இல்லை.

ஓடையின் சத்தம் திடீரென்று திரும்பி வந்தது.

கூடவே, முன்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணை..."

புதரை விலக்கிக்கொண்டு இரத்தினவேல் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். தலையில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. மண்ணிறப் புள்ளிகள் போட்டது.

சூசைரட்ணம் துவக்கைத் திறந்து தோட்டாவை எடுக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. கடைசியில் துவக்கையே சாய்த்துத் தோட்டாவைக் கீழே விழுத்தினார்.

"உன்னை அங்கைதானே இருக்கச் சொன்னனான். ஏன் வந்தனீ?"

"நீங்கதானே கூப்பிட்டனீங்கள்."

"நான் வாயே திறக்கேல்லை, இரத்தினம்."

"இல்லை அண்ணை. ஓடைப் பக்கமிருந்து கூப்பிட்டது உங்கடை குரல். பள்ளத்துக்குள்ளாலை சுத்திக் குனிஞ்சு வா, சத்தம் போடாமல் வா எண்டு..." இரத்தினவேல் நிறுத்தினார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "வேலு எண்டு கூப்பிட்டது. நீங்கள் என்னை ஒருநாளும் அப்பிடிக் கூப்பிடுறேல்லை. எங்கடை வீட்டிலை மட்டும்தான் அப்பிடிச் சொல்லுறவை. நான் அதை அப்ப யோசிக்கேல்லை."

இருவரும் வந்த வழியே இறங்கினார்கள். முதலில் நடந்தார்கள். பிறகு வேகமாக நடந்தார்கள். பின்னால் சுள்ளி முறியும் சத்தம் கேட்டது. நின்றால் நின்றது. நடந்தால் கேட்டது. இரத்தினவேல் திரும்பிப் பார்க்கப் போனார். சூசைரட்ணம் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

படலைக்கு வெளியே வந்ததும் சாத்தினார்கள். சூசைரட்ணம் கொழுக்கியை மாட்டினார். மாட்டியது நன்றாக நினைவிருக்கிறது என்கிறார். விறைத்த விரல்களால் மூன்று தரம் முயன்றுதான் மாட்டினாராம்.

பண்ணை வீட்டு வாசலில் இரத்தினவேலின் கோலத்தைக் கண்ட குன்வோர் இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். குசினி மேசையில் இருக்க வைத்துக் கோப்பி ஊற்றினாள். சூசைரட்ணம் கோப்பையைக் கையால் பொத்திப் பிடித்தார். நடந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

குன்வோர் யன்னலால் வெளியே பார்த்தாள்.

"உங்கள் மூன்றாவது ஆள் ஏன் அங்கேயே நிற்கிறார்? அவரையும் உள்ளே வரச் சொல்லுங்கள்."

சூசைரட்ணம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாங்கள் இரண்டு பேர்தான்" என்றார் சூசைரட்ணம்.

"உங்களுக்குப் பின்னாலேயே இறங்கி வந்தாரே. பழைய கம்பளிச் சட்டை, கையில் நடுவில் மடித்துத் திறந்த துவக்கு..."

மூன்று பேரும் யன்னலுக்குப் போனார்கள். புகார் கலைந்துகொண்டிருந்தது. வெளியே யாரும் இல்லை.

படலை திறந்து கிடந்தது.

குன்வோர் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தாள். "நாய் கொண்டு வரவில்லையா நீங்கள்?"

இல்லை என்றார் சூசைரட்ணம். இந்த வருடம் முறையை மாற்றியதையும், ஓடையடியில் உட்கார்ந்து குழல் ஊதியதையும் சொன்னார். பிறகு மிச்சம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் நம்பாமல் இருக்கவில்லை. தனக்கு ஒன்பது வயதில் நடந்ததைச் சொன்னாள். ஒஸ்லோவிலிருந்து இரண்டு நண்பர்கள் வேட்டைக்கு வந்தார்கள். ஒருவர் உட்கார்ந்து குழல் ஊதினார். மற்றவர் என்ன நினைத்தாரோ, இருந்த இடத்தை விட்டு ஊர்ந்து வந்தார். புதர் அசைந்தது. ஊதியவர் சுட்டார். பிறகு இதே வீட்டுக்கு வந்து அவளுடைய அப்பாவிடம் நடந்ததைச் சொன்னார். செத்துக் கிடக்கிற நண்பனைத் தனியே விட முடியாது என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறினார். ஊர் ஆட்கள் போய்ச் செத்தவரைத் தூக்கி வந்தார்கள். சுட்டவரைக் காணவில்லை. அவரும் கிடைக்கவில்லை, அவருடைய துவக்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் யாரும் குழல் ஊதியதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் நாயோடுதான் வருவார்கள். அதனால்தான் குழல் ஊதுவீர்களா என்று தொலைபேசியில் கேட்கத் தோன்றவில்லை என்றாள்.

அப்படியென்றால் காதுக்குப் பின்னால் விசிலடித்தவர், சுட்டுவிட்டுக் காணாமல் போன அவர்தான். சூசைரட்ணத்துக்கு ஏதோ ஓர் ஆறுதல் வந்ததாம். தான் செய்த பிழையை இன்னொருவன் செய்யாமல் காத்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதன்.

இரத்தினவேல்தான் கேட்டார். "என்னைக் கூப்பிட்டதும் அவரா?"

குன்வோர் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டது?"

"ஓடைப் பக்கம். பள்ளத்துக்குள்ளே இருந்து."

அவள் எழுந்து போய்க் கதவைப் பூட்டினாள்.

"அது அவர் இல்லை" என்றாள். "பள்ளத்தில் செத்துக் கிடந்தது மற்றவர்."